முத்திரையம்மாவின் கடைசிப் பறிமுதல்

பழைய அளவுகளை ஒழித்துக்கட்ட அரசாங்கம் ஆள் எடுத்தபோது, அதற்கு வைத்த பரீட்சை முழுவதும் பழைய அளவுகளில்தான் இருந்தது. பன்னிரண்டு செப்புக் காசு ஒரு வெள்ளிக் காசு. இருபது வெள்ளிக் காசு ஒரு நோட்டு. பதினாறு அவுன்சு ஒரு ராத்தல். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்றடி ஒரு கெஜம். பதினேழு ராத்தல் ஐந்து அவுன்சு சர்க்கரையை, ராத்தல் இரண்டு வெள்ளி ஏழு செப்பு வீதம் வாங்கினால் மொத்த விலை என்ன என்று கேட்டிருந்தார்கள். எழுதிய இருநூறு பேரில் பாதிப் பேர் அந்தச் சர்க்கரையிலேயே கரைந்துபோனார்கள். முதலாவதாக வந்தவள் மரவாடிக் கணக்கரின் மகள், இருபத்தொரு வயதுப் பெண். அப்பா ஒரு பலகையின் நீளம், அகலம், தடிமனைச் சொல்லி வாயை மூடுவதற்குள் கன அடியைச் சொல்லிவிடுவாள். அவ்வளவு நன்றாகத் தெரிந்த கணக்கை இனி ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் செய்வதுதான் அவளுக்குக் கிடைத்த உத்தியோகம்.

கடைகளில் இருக்கும் தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகம் அது. பதவியின் பெயர் முத்திரை ஆய்வாளர். கடைக்காரர்கள் ஆய்வாளரை விட்டுவிட்டு முத்திரையம்மா என்று கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததால், சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது.

முதல் மூன்று வருஷம் ஜீப்பும் ஒலிபெருக்கியுமாகச் சந்தை சந்தையாக அலைந்தாள். காலையில் புதுக் காசையும் கிலோவையும் விளக்கிப் பேச வேண்டும். மத்தியானம் பழைய கற்களைப் பிடுங்கி ஜீப்பில் போட வேண்டும். பேசுவதற்கு அச்சடித்த கையேடு ஒன்று கொடுத்திருந்தார்கள். எல்லாம் பத்து பத்தாக இருந்தால் எவ்வளவு சுலபம் என்பதற்கு அதில் பதினான்கு காரணங்கள் இருந்தன.

ஒருநாள் மீன் விற்கிற அம்மா ஒருத்தி கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள்.

"பன்னெண்டு காசு இருந்தா மூணு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு நாலுன்னு பங்கு போடலாம். பத்தை மூணு பேருக்கு எப்படிம்மா பிரிக்கிறது?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. முத்திரையம்மா யோசித்துவிட்டு, "பத்தை அஞ்சு பேருக்குச் சமமாப் பிரிக்கலாம்மா," என்றாள்.

"அதுக்காக இன்னும் ரெண்டு பெத்துக்கச் சொல்றீங்களா?"

சந்தையே சிரித்தது. ஜீப் ஓட்டுநர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

அப்போது அவளுக்குப் பழசைப் பற்றி வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை புதுசு, ஜீப் புதுசு. எடைக்கற்கள் உருக்குவதற்குப் போயின. கெஜக்கோல்களை யாரும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தாதபடி இரண்டாக உடைத்துப்போட வேண்டும் என்பது உத்தரவு. முழங்காலில் வைத்து அவளே உடைத்தாள். முப்பதாவது கோலுக்குப் பிறகு முழங்கால் வலி வந்ததே தவிர மனசு வலிக்கவில்லை.

மனசு வலிக்க ஆரம்பித்தது ரொம்பப் பிற்பாடு. முதல் வருஷங்களில் போகிற இடமெல்லாம் ஜனங்கள் மொய்ப்பார்கள். "ஒரு ராத்தல்னா புதுசுல எவ்வளவும்மா?" "என் பையன் அஞ்சடி ரெண்டங்குலம். புதுசுல வளர்ந்திருக்கானா, குறைஞ்சிருக்கானா?" அவள் பார்க்காமலே பதில் சொல்லுவாள். இருபது வருஷம் கழிந்தபோது கேட்கிறவர்கள் இல்லை. எல்லோருக்கும் கிலோ பழகிவிட்டது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஒப்பீட்டு அட்டவணையை வெள்ளையடிக்க வந்தவர்கள் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அது காணோம் என்பதையே நாலு நாள் கழித்து அவள் ஒருத்திதான் கவனித்தாள். அந்த வாரம்தான் வீட்டில், "அரை ராத்தல் மாவு போதும்," என்று முதல் தடவையாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வேலை நேரம் பத்து மணியிலிருந்து ஐந்து வரை பத்தாம் வாய்ப்பாடு. மற்ற நேரமெல்லாம் பன்னிரண்டும் பதினாறும். மகளுக்கு உடம்பு சுட்டால் நூற்றியொன்று என்பாள். மருத்துவர் முப்பத்தெட்டு புள்ளி மூன்று என்பார். மருந்துக்கடை வைத்திருந்த கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஊரே அளவு மாறினபோதும் சரி, பெண்டாட்டி திரும்ப மாறினபோதும் சரி, அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் விடவில்லை. அவள் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மில்லிகிராமுக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்று நம்புகிறவள்.

"நீதானேம்மா கடை கடையாப் போய்ப் பிடுங்கிட்டு வந்தே. இப்ப என்ன ஒப்பாரி?"

"பிடுங்கினது உத்தியோகம். ஒப்பாரி என் சொந்தச் செலவு," என்றாள் முத்திரையம்மா.

ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம், பத்திரிகையில் ஒரு மூலையில் ஒரு விளம்பரம் பார்த்தாள். பழைய அளவைப் பாதுகாப்புச் சங்கம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி, அச்சகத்து மாடி. அன்றைக்கே நல்ல புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

சங்கத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். தலைவர் ஊரின் பெரிய மளிகை வியாபாரி. அவருடைய கடையில் மூன்று மின்னணுத் தராசுகள் இருந்தன. ஒரு கிராம் கூடினாலும் சத்தம் போடும். அவற்றுக்கு மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் துரோகம் செய்வதற்காக அவர் மாடியேறி வந்தார். அடுத்தவர் தையல்காரர். அவர் நாடாவில் அன்றும் அங்குலம், இன்றும் அங்குலம். "உங்களுக்கு ஒண்ணுமே மாறலையே, எதுக்கு வர்றீங்க?" என்று முத்திரையம்மா கேட்டபோது, "இங்க டீ நல்லா இருக்கும்மா," என்றார். எல்லோரையும்விட அதிகமாகக் கண்கலங்குகிறவருக்கு நாற்பது வயது ஆகவில்லை. அளவு மாறின வருஷத்துக்கு மறு வருஷம் பிறந்தவர். பழைய காசுக்காகச் சிறை செல்லவும் தயார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். அவரைத் தியாகி என்று கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாராவது வாய் தவறி கிலோ, மீட்டர் என்று சொல்லிவிட்டால் பத்துக் காசு அபராதம். பழைய காசு செல்லாது என்பதால் அபராதம் புதுக் காசில்தான் வாங்கப்பட்டது.

முத்திரையம்மா மனக்கணக்காகக் கன அடி சொன்னதைக் கேட்டு ஒன்பது பேரும் சொக்கிப்போனார்கள். மூன்றாவது கூட்டத்தில் அவளைச் செயலாளராக்கினார்கள்.

"அம்மா எங்க வேலை பார்த்தீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"அரசாங்கத்துல."

"எந்த இலாகா?"

"கணக்கு சம்பந்தமா," என்று சொல்லிவிட்டு, டீ ஆறுகிறது என்றாள்.

அது பொய்யில்லை. ஜீப் காலத்துக்குப் பிறகு அவளுக்குச் சுற்று முழுக்க வெளியூர்க் கடைகள் என்பதால், உள்ளூரில் அவள் முகம் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் தலைவர் தன் வாழ்க்கையின் பெரிய சோகத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, உண்மையைச் சொல்லும் காலம் கடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. தலைவருக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஜீப் வந்து நிற்கிறது.

"ஒரு பொம்பளை இறங்கினா. ஆறடி இருப்பா. குரல் இருக்கே, அரவை மிஷின் தோத்துடும். எங்கப்பா பரம்பரையா வச்சிருந்த கல்லையெல்லாம் அள்ளி வீசினா. அப்பா கண்ணுல தண்ணி. ஒரே ஒரு ரெண்டு ராத்தல் கல்லை மட்டும் அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினாரு. நாணயமான மனுஷன்."

முத்திரையம்மா நாலடி பதினொன்றரை அங்குலம். ஆறடி இருப்பாள் என்பதை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினாள். அரவை மிஷினையும் எழுதினாள். அந்தக் கடையும் அந்த அப்பாவும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் அழவில்லை. உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார். மறுநாள் அவள்மேல் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டார்.

அளவு மாறி நாற்பதாவது வருஷம் வந்தது. சங்கம் அதைத் துக்க நாளாகக் கொண்டாட முடிவு செய்தது. அச்சக மாடியில் கண்காட்சி. நடு மேசையில், காப்பாற்றப்பட்ட அந்த ரெண்டு ராத்தல் கல். அந்தக் கல்லாலேயே நிறுத்து, நாற்பது பொட்டலம் சர்க்கரை விற்பது. தலைவர் தன் கிட்டங்கியிலிருந்து பழைய தராசை இறக்கித் தம் கையாலேயே நிறுத்துக் கட்டினார். சீட்டு ஒட்டுவதற்காகப் பொட்டலங்கள் முந்தின நாள் காலையில் முத்திரையம்மா வீட்டுக்கு வந்தன.

சீட்டில் இரண்டு ராத்தல் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே 907 கிராம் என்று சின்னதாக முத்திரையம்மாதான் போட வைத்திருந்தாள். எடையைப் புது அளவில் போடாமல் பொட்டலம் விற்பது குற்றம். முப்பத்தேழு வருஷப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. அதற்காகத் தலைவரிடம் பத்துக் காசு அபராதமும் கட்டியிருந்தாள்.

முதல் பொட்டலத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு நாலு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கணவரின் மருந்துக்கடைக்கு நடந்தாள்.

மருந்துக்கடைத் தராசு எண்ணூற்றைம்பது கிராம் என்றது. நாலும் அதே.

"ரெண்டு அவுன்சு குறையுது," என்றாள்.

"கை தவறியிருக்கும்," என்றார் கணவர்.

"கை தவறினா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். நாலும் ஒரே மாதிரி குறைஞ்சா கை இல்லைங்க, கல்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்கப்பா போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபதுக்கு மேல."

"மகனுக்குத் தெரியுமா?"

முத்திரையம்மா யோசித்தாள். தெரிந்திருந்தால் அந்தக் கல்லை நடு மேசையில் வைப்பாரா? நாற்பது பொட்டலத்தையும் அதாலேயே நிறுத்து ஊருக்கு விற்கத் துணிவாரா? "தெரியாது. நம்பிட்டு இருக்காரு."

"அப்ப விட்டுடு."

"வாங்குறவங்க?"

கணவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நாற்பது பொட்டலம், ஒன்றுக்கு இரண்டு அவுன்சு. எண்பது அவுன்சு, அதாவது ஐந்து ராத்தல். முத்திரையம்மா தலைவரின் கடைக்கே போய் இரண்டரைக் கிலோ சர்க்கரை வாங்கினாள். மின்னணுத் தராசு ஒரு கிராம் பிசகாமல் நிறுத்தது. "செயலாளரம்மா வீட்டுல விசேஷமா?" என்று தலைவர் கல்லாவிலிருந்து விசாரித்தார். மத்தியானம் முழுக்க, கடையைச் சாத்திவிட்டு வந்த கணவரும் அவளுமாக நாற்பது பொட்டலத்தையும் பிரித்து, கரண்டியால் போட்டு நிரவி, திரும்பக் கட்டினார்கள். கட்டுகிற நூலை மட்டும் அவர் மருந்துக்கடை முடிச்சாகப் போட்டார். அதை யாரும் கவனிக்கப்போவதில்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மேசைகளை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் அந்தக் கல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். எடைக்கல்லின் அடியில் சின்னக் குழி இருக்கும். எடையைச் சரிசெய்ய அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். இதில் ஈயத்தைத் தோண்டி எடுத்து, கரி கலந்த மெழுகை அடைத்து, மேலே வழவழவென்று தேய்த்திருந்தது. நல்ல வேலைப்பாடு. பணியில் இருந்த காலத்தில் இந்த மாதிரி ஐம்பது அறுபது பார்த்திருக்கிறாள். கல்லைத் திரும்பப் பட்டுத் துணியின்மேல் நிமிர்த்தி வைத்தாள்.

கண்காட்சிக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. தலைவரின் மனைவி, மகன், மருமகள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். பன்னிரண்டாவது பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காக்கிப் பையும் பெட்டித் தராசுமாக ஓர் ஆய்வாளர் ஏறி வந்தாள். முத்திரை இல்லாத கல்லால் நிறுத்து வியாபாரம் நடக்கிறது என்று பெயரில்லாத கடிதம் வந்திருக்கிறதாம். தியாகி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டி, "என்னைக் கைது பண்ணுங்க," என்றார். கடிதத்தை எழுதியது யார் என்று தையல்காரருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

ஆய்வாளர் அவரைத் தாண்டிப் பார்த்தாள். விலைச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்த முத்திரையம்மாவைக் கண்டதும் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது.

"மேடம்? நீங்களா?"

"யாரு மேடம்?" என்றார் தலைவர்.

"எங்க மேடம்ங்க. எனக்கு வேலை கத்துக்கொடுத்தவங்க. இந்த ஊர்ல பழைய கல்லையெல்லாம் எடுத்ததே இவங்கதானே."

தலைவர் முத்திரையம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்வைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இவ்வளவுதானா என்பது போல இருந்தது அவர் முகம்.

"அது நீங்களா?"

"நான்தான். ஆறடி இல்லை," என்றாள் முத்திரையம்மா.

ஆய்வாளர் தர்மசங்கடத்தோடு பொட்டலம் ஒன்றை எடுத்துச் சீட்டைப் படித்தாள், சட்டப்படி இருந்தது. பெட்டித் தராசில் வைத்தாள். தொள்ளாயிரத்து ஏழு. இன்னொன்று, தொள்ளாயிரத்து எட்டு. ஐந்து பொட்டலம் வைத்துப் பார்த்துவிட்டு, "எடை சரியா இருக்கு," என்றாள்.

தலைவருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா? எல்லாரும் பார்த்துக்குங்க. எங்கப்பா கல்லு. நாற்பது வருஷமா மூட்டைக்குள்ள கிடந்த கல்லு, இன்னைக்கும் ஒரு கிராம் பிசகலை. இவங்க இதைத்தான் பிடுங்க வந்தாங்க." கிராம் என்று சொன்னதற்கு அபராதம் கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு பெட்டித் தராசை நோக்கி வந்தார். "இதையும் வைங்கம்மா. என் பேரப்பிள்ளைங்க வரைக்கும் தெரியட்டும்."

முன்வரிசையில் மருமகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

முத்திரையம்மா எழுந்து குறுக்கே போய் நின்றாள். "அதைக் கொடுங்க."

"எதுக்கு?"

"நாற்பது வருஷத்துக்கு முன்னால ஒப்படைச்சிருக்க வேண்டிய கல்லு. பறிமுதல்."

அவர் கொடுப்பதற்கு முன்னாலேயே வாங்கிக்கொண்டாள்; முன்பும் அப்படித்தான் செய்வாள், கைக்கு அது மறக்கவில்லை. சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு ரசீது எழுதினாள். இரும்பு எடைக்கல், இரண்டு ராத்தல், ஒன்று. ஆய்வாளர் அருகில் வந்து காதோடு காதாக, "மேடம், ஓய்வு பெற்றவங்களுக்கு அதிகாரம் இல்லையே," என்றாள்.

"உனக்கு இருக்குல்ல. கையெழுத்துப் போடு." சொல்லிக்கொண்டே கல்லை லேசாகச் சாய்த்து அடிப்பக்கத்தை அவளுக்கு மட்டும் காட்டினாள். ஆய்வாளர் குழியைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

"நிரூபணம் ஆகிற நேரம் பார்த்துப் பிடுங்குறீங்களே. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" தலைவரின் குரல் உடைந்துவிட்டது. தையல்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். தியாகி தன்னை யாரும் கைது செய்யாத துக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் முத்திரையம்மாவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நீக்கும்வரை செயலாளர் அவள்தான் என்பதால், தன்னை நீக்கிய தீர்மானத்தைத் தானே எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்துவிட்டு இறங்கினாள். கல்லை முறைப்படி அலுவலகத்தில் ஒப்படைக்கப் போனபோது அங்கேயும் சிக்கல். பழைய கற்களுக்கான பதிவேட்டை மூடி முப்பத்தேழு வருஷம் ஆகிறது, எதில் வரவு வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பழைய இரும்பு என்று எழுதி, கிலோக் கணக்கில் போட்டார்கள். எண்ணூற்றைம்பது கிராம். அந்தத் தாளை ஆய்வாளரும் அவளும் தவிர யாரும் படிக்கவில்லை.

சங்கத்துக்கு நல்ல காலம் பிறந்தது. அநியாயத்தை நேரில் பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொல்ல, உறுப்பினர்கள் முப்பதைத் தாண்டினார்கள். தலைவர் இப்போது இரண்டு பறிமுதல் கதை சொல்கிறார். இரண்டாவதில்தான் அதிகம் பேர் அழுகிறார்களாம். இதையெல்லாம் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த தையல்காரர் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படி ஆகியிருக்காதேம்மா. அந்தக் கல்லுல என்னமோ இருந்துச்சுன்னு எனக்குத் தோணுது."

"கல்லுல என்ன இருக்கும்? இரும்புதான்," என்றாள் முத்திரையம்மா. "டீ எப்படி இருக்கு அங்க?"

"கூட்டம் கூடிப்போச்சு. தண்ணி கலக்குறாங்க."

சனிக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலை இல்லாததால் கணவர் அவளை மருந்துக்கடையில் உட்காரவைத்திருந்தார். புட்டிகளில் சீட்டு ஒட்டுவது, வேளையும் அளவும் எழுதுவது. முதல் நாளே ஒரு கிழவர் புட்டியைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பதினஞ்சு மில்லின்னு போட்டிருக்கீங்க. அதெல்லாம் எனக்குப் பிடிபடாதும்மா. புரியற மாதிரி சொல்லுங்க."

"அரை அவுன்சுங்க."

"அப்படிச் சொல்லுங்க." கிழவர் நிம்மதியாகப் பணத்தை எடுத்து வைத்தார். பின்னால் நின்ற பெண், தன் கையிலிருந்த புட்டியைக் காட்டி, தன் அத்தைக்கும் இதே சந்தேகம் வரும், ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். முத்திரையம்மா ஸ்டூலை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அத்தைக்கு ஸ்பூன் கணக்கு தெரியுமா, அவுன்சா?" என்று விசாரித்தபடி பேனா மூடியைத் திறந்தாள்.